தாத்தாவின் துப்பாக்கியும் உப்புத்தாளும்

துப்பாக்கியைத் தேய்த்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர் பொஷேகா முழுக்க வேறு மாதிரிச் சொல்லித் திரிவார்கள்.

அது என் தாத்தா யெவ்ரெம் முதல் உலகப் போரில் சுமந்த துப்பாக்கி. அவருக்குப் பின் அப்பா வைத்திருந்தார், அப்பாவுக்குப் பின் அண்ணன் ராதோமிர். அண்ணன் முறையாக உரிமம் எடுத்து இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். என்னைத் தொட விட்டதே இல்லை. "உன் கை சும்மா இருக்காதுடா" என்பான்.

இந்த வசந்தத்தில் அவன் செத்துப்போனான். உரிமம் அவன் பெயரில் இருந்ததால் அண்ணி கோசனாவுக்குப் போலீஸ் கெடு வைத்தது. உரிமம் உள்ள ஒருவருக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள், காலணா வராது. அண்ணிக்கோ இரண்டு கண்ணிலும் புரை. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பெயர் எங்கேயோ கடைசியில் கிடக்கிறது. தனியாரிடம் போகப் பணம் வேண்டும்.

பெல்கிரேடில் நெபோய்ஷா என்று ஒருவன், உரிமம் வைத்துப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறவன். அண்ணன் சாவதற்கு முன் அவனுக்குப் போட்டோ அனுப்பியிருந்தான். நாலாயிரம் யூரோ தருகிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான். இரண்டு கண்ணுக்கும் போக மிச்சமும் இருக்கும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டோவுக்கு நாலாயிரம் சொல்கிறவன் நேரில் வந்து அழுக்கைக் காட்டுவான், கீறலைக் காட்டுவான், பாதி விலைக்குக் கேட்பான். நகரத்துக்காரர்களை எனக்குத் தெரியும். அவன் வாய் திறக்க இடமே கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் மேஜை நாற்காலி ஃபாக்டரியில் தேய்ப்பு வேலை பார்த்தவன் நான். கீறல் விழுந்த மேஜை எத்தனை திரும்பி வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணியிடம் சாவி வாங்கினேன். இரும்பைத் தொடவில்லை, அது என் தொழில் இல்லை. மரத்தை மட்டும் கழற்றினேன். கருத்துப்போய், எண்ணெயும் வியர்வையும் ஏறிப் பிசுபிசுவென்று இருந்தது. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை இரண்டு நாள். மூன்று கை வார்னிஷ். அக்ரூட் மரத்தின் ரேகை அப்படியே எழுந்து நின்றது. உண்மையைச் சொன்னால், நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.

சனிக்கிழமை மத்தியானம் நெபோய்ஷா வந்தான். அண்ணி தடவித் தடவி, விருந்தாளிக்கு வைக்கிற வழக்கப்படி ஒரு கரண்டி பழ இனிப்பும் தண்ணீரும் வைத்தாள். நான் ராக்கியா, எங்கள் பழச் சாராயம், ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை. மேஜை மேல் துப்பாக்கியைச் சுற்றி வைத்திருந்த கம்பளியை விலக்கிப் பார்த்தான். பிறகு பூதக்கண்ணாடி எடுத்துக் குழல், குண்டு ஏற்றும் போல்ட், வளையம், துடைக்கும் கம்பி என்று ஒவ்வொன்றாக நம்பர் பார்த்தான்.

"இரும்புல நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்கு. இப்படி ஒண்ணு கிடைக்கிறது அபூர்வம்," என்றான். பிறகு மரத்தைத் திருப்பினான். "இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "என்ன, குறை ஏதாவது இருக்கா?"

"மரத்துலயும் அதே நம்பர் குத்தியிருந்தாங்க பெரியவரே. பக்கத்துல தொழிற்சாலை முத்திரை. எங்க அது?"

"அழுக்கோட போயிருக்கும்."

அவன் போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினான். பின்கட்டையில் கத்தியால் கோணல்மாணலாகச் செதுக்கிய எழுத்து. யெவ்ரெம், 1915.

"இதுக்குத்தான் நாலாயிரம்," என்றான். "ஆள் பேரு, வருஷம், பேரன் வீட்டுலயே இருந்த துப்பாக்கி. இப்ப இது யார் துப்பாக்கியா வேணா இருக்கலாம்."

அந்த எழுத்தை நான் பார்க்காமல் இல்லை. அதை எடுக்கத்தான் முரட்டுத் தாள் அதிகம் செலவானது.

"விலையைக் குறைக்க நாடகம் போடறான் அண்ணி, நம்பாதீங்க," என்றேன்.

"விடோயே, நீ கொஞ்சம் வாயை மூடு," என்றாள் அண்ணி.

நான் மூடவில்லை. "எழுத்துதானே வேணும்? உளி இருக்கு. ஒரு மணி நேரத்துல அதே மாதிரி செதுக்கித் தரேன். எங்க தாத்தா பேருதானே, பொய்யா?"

நெபோய்ஷா முதல்முறையாகச் சிரித்தான். "செதுக்குங்க. அப்புறம் இது போலி. இந்த விலையும் கிடைக்காது."

"எந்த விலை?"

"இரும்புக்கு ஆயிரத்து நூறு. மரம் வேண்டாம். அந்தக் காலத்துக் கட்டை ஒண்ணு என்கிட்ட இருக்கு, அதுல மாட்டிப்பேன்."

"ஓகோ! நான் தேய்ச்சா கெட்டுப்போச்சு, நீ வேற கட்டை மாட்டினா அசலா?"

"மாத்தினதுன்னு சொல்லித்தான் விப்பேன்."

"சொல்லுவ, சொல்லுவ."

"வேற ஆளைப் பாருங்க. திங்கக்கிழமை கெடு முடியுது இல்ல?"

அது அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணிதான் போனில் சொல்லியிருக்கிறாள். கெடுவைச் சொல்லிவிட்டு விலை பேசினால் யார்தான் ஏற்றித் தருவான்!

"ஒரு கண்ணுக்கு ஆகுமா அது?" என்று அண்ணி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஆகும்," என்றேன்.

"அப்ப குடுத்துடு. ஒரு கண்ணு போதும்."

அவன் காகிதம் எழுதினான். அண்ணியின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்தேன். அவன் இரண்டு திருகாணியைக் கழற்றி இரும்பை நீளப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். மரத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனான். ராக்கியா அப்படியே இருந்தது, நான் குடித்தேன்.

அண்ணி மரத்தை மடியில் எடுத்து வைத்தாள். கட்டை விரலால் பின்கட்டையைத் தடவினாள். விரலை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள், திருப்பிப் போட்டு மறு பக்கமும் தேடினாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் போடும்போது இவள்தான் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்தப் பக்கம்தான இருந்துச்சு?"

"ஆமா."

"நல்லா வழவழன்னு பண்ணியிருக்க," என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இதை எங்க வைக்கிறது விடோயே?"

வாங்கிக்கொண்டு போய் மூலையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். இரும்பு இல்லாத கட்டை சுவரில் நிற்கவில்லை, வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி நிறுத்தினேன். மறுபடி விழுந்தது.