யார் போய்ச் சொல்வது

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் நாங்கள் மூவரும் கேன்டீனுக்குப் பின்னால் உள்ள அறையில் உட்காருவோம். பயிற்சியாளர் டாரல், அணி மேலாளர் நோலா, ஆட்டக்காரிகள் சார்பில் நான். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் காந்த வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே ஆடுவது என்பது அங்கேதான் முடிவாகும்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியை அணியிலிருந்து எடுக்க வேண்டும் என்று யார் சொல்கிறாரோ, அவரே போய் அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். கேன்டீன் சன்னலில் பெயர்களை ஒட்டுவதற்கு முன்பே. எப்போதோ ஒருத்தி தன் பெயர் இல்லாததைச் சன்னலில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அப்படியே வண்டியைத் திருப்பி டல்லானா கிளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதிலிருந்து இந்த வழக்கம்.

நல்ல வழக்கம். அதனால் யாரும் யாரையும் எடுப்பதில்லை.

ஷோனா என் தங்கை. கம்பங்களுக்கு நேர் முன்னால் நிற்பவள். போன ஆண்டு லீகிலேயே அதிக கோல் அவளுடையது. இந்த ஆண்டு குளிர் தொடங்கியதிலிருந்து ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆட்டம் ஆஸ்திரேலியக் கால்பந்து, கையால் பிடித்துக் காலால் உதைப்பது. வரிசையாக நான்கு கம்பம்; நடு இரண்டுக்கும் இடையில் போனால் கோல், ஆறு புள்ளி; ஓரத்தில் போனால் ஒன்று. அவள் உதைத்ததெல்லாம் வலது ஓரம்.

ஊரே வைத்தியம் பார்த்தது. கறிக்கடைக்காரர் பூட்ஸை மாற்றச் சொன்னார். தபால் நிலையத்து அம்மாள், இரும்புச்சத்து குறைவு என்றாள். ஷோனா ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து பாடம் நடத்தினார்கள். நான் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது.

அந்த வியாழக்கிழமை டாரல் ஷோனாவின் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்தார். கையில் வைத்து உருட்டினார். திரும்ப அதே இடத்தில் ஒட்டினார்.

"ஞாயித்துக்கிழமை தோத்தா இறுதிச் சுற்று கிடையாது," என்றார். "அவ்வளவுதான். நான் வேற ஒண்ணும் சொல்லல."

"சொல்லுங்களேன், கோச்," என்றாள் நோலா.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லு."

"எனக்கு அடுப்புல சூப் இருக்கு."

பலகையின் மூலையில் தனியாக ஒரு வில்லை இருந்தது. பெட்டினா. எங்கள் கிளப்பின் நெட்பால் அணியில் கூடைக்கு எறிபவள். நல்ல உயரம். போன மாதம் சிராய்த்த முட்டிகளோடு எங்கள் பயிற்சிக்கு வந்து, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

"கைக்கு வர்ற பந்து எதையும் விடமாட்டேங்கறா," என்றார் டாரல்.

"விடமாட்டா. ஆனா பிடிச்சதும் கல்லு மாதிரி நின்னுடறாளே," என்றாள் நோலா. நெட்பாலில் பந்தோடு நகரக் கூடாது. பெட்டினாவின் கால்களுக்கு அது மட்டும்தான் தெரியும். "இடிச்சா சாரி சொல்றா. செவ்வாக்கிழமை என்னை இடிச்சிட்டு, காபி வாங்கிக் குடுத்தா."

"அப்போ ஷோனாவே இருக்கட்டும்னு சொல்றியா?"

"நான் அப்படியும் சொல்லல."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படித்தான். கடைசியில் யாராவது "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்பார்கள். பெரும்பாலும் நான்தான்.

"ஷோனாவ எடுத்துடுங்க," என்றேன். "பெட்டினாவப் போடுங்க."

டாரல் தொப்பியைக் கழற்றினார். நோலா அடுப்பை அணைக்கப் போனாள். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அவ கீழ்க்கோடியில உதைச்சிட்டிருக்கா," என்றாள். "வெளிச்சம் போறதுக்குள்ள போ."

ஷோனா தானியக் கிடங்குப் பக்கத்துக் கம்பங்களுக்கு முன்னால் இருந்தாள். பந்தை வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்தாள். மூச்சை இழுத்துவிட்டாள். மறுபடி பார்த்தாள். உதைத்தாள். வலது ஓரம். வேலிக்குப் போய் எடுத்து வந்தாள்.

"சொல்லு," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நீ இல்ல. பெட்டினா."

அவள் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டினாள். நீள்பந்து, கோணலாக எகிறிப் போனது. எடுக்கப் போகவில்லை.

"யார் சொன்னது?"

"நான்."

"டாரல் சொன்னாரான்னு கேட்கல. யாரு முதல்ல வாயத் திறந்ததுன்னு கேட்கறேன்."

"நான்தான்."

"எத்தனை வாரமா காத்துட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் இங்கேயே நிப்பேன். யாராவது வருவீங்க, ரெண்டு வார்த்தை சொல்லுவீங்க, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு. யாரும் வரல. சன்னல்ல என் பேரு இருக்கும். பாசம்னு நினைச்சேன்."

"பாசம்தான்."

"பயம். மூஞ்சியப் பார்த்துச் சொல்லப் பயம். நீ எதிர்வீட்ல இருக்க. தினம் காலைல பால் இருக்கான்னு கேட்க வர்ற. அப்பக்கூட வாயத் திறக்கல."

நான் போய்ப் பந்தை எடுத்து வந்தேன்.

"என்னை மட்டும்தான் பார்த்தீங்களா? உன் முட்டியப் பத்தி யாராவது உன்கிட்ட வந்து சொன்னாங்களா?"

"முட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மரக்கால் வச்ச மாதிரி ஓடற."

நடந்து போனவள் பாதியில் நின்றாள். "கிளாரி இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிருக்காரே. கோல் நடுவரா யாரு நிக்கறது?"

இரண்டு கிளப்பும் ஆளுக்கு ஒரு கோல் நடுவரைக் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, இரண்டு கொடி, குளிரில் கம்பத்துக்குப் பின்னால் அசையாமல் ஒரு மதியம். அந்த வேலைக்கு ஆள் பிடிப்பது அணியைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கஷ்டம்.

"யாரும் இல்ல," என்றேன்.

"கோட்ட எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு. வீட்ல உட்கார்ந்து கோலுக்குக் கோல் நீங்க அடிக்கற வண்டி ஹாரனக் கேட்டுட்டிருக்க என்னால முடியாது."

வெள்ளியும் சனியும் அவள் வீட்டுத் திரைச்சீலை திறக்கவில்லை. பால் கேட்டு நான் போகவில்லை. கறுப்புக் காபி குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. மைதானத்தைச் சுற்றி வண்டிகள், மூக்கு உள்ளே பார்க்க. எதிரணி டல்லானா. பெட்டினாவுக்கு ஆட்டச் சட்டையைக் கொடுத்தபோது நன்றி சொன்னாள். மாட்டிக்கொண்டு மறுபடி நன்றி சொன்னாள்.

இரண்டாம் கால்பகுதியில் நாங்கள் கிடங்குப் பக்கத்துக் கம்பங்களை நோக்கி ஆடினோம். அங்கே ஷோனா, கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு. பந்து பெட்டினாவின் காலடியில் உருண்டு வந்தது. குனிந்து எடுத்தாள். நின்றாள். டல்லானாக்காரிகள் இருவர் அவளைத் தரையோடு சாய்த்தார்கள். அவள் எழுந்து "சாரி" என்றாள். வண்டிகளிலிருந்து சிரிப்பு.

மறுபடி அதே. பந்து கையில், கால்கள் தரையில் நட்டதுபோல. மறுபடி சாய்த்தார்கள்.

"ஏய், இங்க கூடை இல்லம்மா!" என்று டல்லானாக்காரர் ஒருவர் கத்தினார்.

நான் ஷோனாவைப் பார்த்தேன். கோல் நடுவர் ஆட்டக்காரிகளிடம் பேசக் கூடாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெட்டினாவும் டல்லானாவின் உயரக்காரியும் மோதும்போதெல்லாம் பந்து கீழே விழுந்தது. அதை எடுக்க வேண்டியவள் நான். ஓடினேன். ஒவ்வொரு முறையும் யாரோ எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி இடைவேளையில் நாங்கள் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். டாரல் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார். மற்றவர்களிடம் கத்திவிட்டு, பெட்டினாவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கீழ கிடக்கற பந்து உனக்கு வேண்டாம். அது பாம்புன்னு நினைச்சுக்கோ. யாராவது எடுத்துப்பாங்க."

"சரி."

"மேல வர்றது மட்டும் உன்னோடது. பிடிச்சியா, நின்னுக்கோ. உனக்கு எப்படி வருமோ அப்படியே நில்லு. விழாமப் பிடிச்சிட்டா உன்ன யாரும் தொட முடியாது. நிதானமா உதைக்கலாம்."

"நின்னா தப்பில்லையா?"

"மேல பிடிச்சா தப்பில்ல."

அவள் முகம் மாறியது. இதை ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை என்பது போல டாரலைப் பார்த்தாள். கேட்கவில்லை. நல்ல பெண்.

கடைசிக் கால்பகுதியில் மீண்டும் கிடங்குப் பக்கம். காற்று எங்களுக்குச் சாதகம். நான்கு புள்ளி பின்தங்கி இருந்தபோது பந்து உயரமாக உள்ளே வந்தது. டல்லானாவின் உயரக்காரி தோளால் இடித்தாள். பெட்டினா இடித்தாள். சாரி சொல்லவில்லை. பந்து அவள் கையில். நின்றாள். மைதானமே அவளுக்காக நின்றது.

உதைத்தாள். நேராகத்தான் போனது. கடைசியில் காற்று கொஞ்சம் தள்ளியது. கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனதுபோல் எனக்குத் தெரிந்தது. வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

கம்பத்தில் பட்டால் கோல் இல்லை. பட்டதா என்று மைதானத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஷோனா கம்பத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலை நீட்டினாள். ஒரு புள்ளி.

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"கோட்டுக்குள்ள யாருடி, டல்லானாக்காரியா?" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். கறிக்கடைக்காரர் வண்டிக் கதவைத் திறந்து இறங்கி நின்று கத்தினார். ஷோனா ஒற்றைக் கொடியை எடுத்து, அவசரமில்லாமல், இரண்டு பக்கமும் ஆட்டினாள். கோட்டு காற்றில் படபடத்தது.

ஒரு புள்ளிக்குப் பிறகு எதிரணிதான் கம்பத்தடியிலிருந்து பந்தை வெளியே உதைக்கும். காற்றை எதிர்த்து உதைத்தார்கள், தூரம் போகவில்லை. எங்கள் பெண் ஒருத்தி பிடித்து, யோசிக்காமல், திரும்ப உயரமாக உள்ளே அனுப்பினாள். கூட்டத்துக்கு மேலே இரண்டு கைகள் எழுந்தன. பெட்டினா பிடித்தாள். நின்றாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. ஷோனாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வந்து, பந்தின் வழியில் நின்றாள். தலையை உயர்த்தினாள். பந்து அவள் தலைக்கு மேலே போனது. கைகள் இரண்டையும் இடுப்புயரத்தில் நீட்டினாள், இரண்டு விரல். கோல்.

இரண்டு கொடிகளையும் ஆட்டினாள். குளிரில் விறைத்த கையால் ஆட்டும் ஆட்டம் இல்லை அது. ஹாரன் சத்தத்தில் சைரன் எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் குதித்ததைப் பார்த்துத்தான் ஆட்டம் முடிந்தது என்று தெரிந்தது. மூன்று புள்ளியில் வென்றோம்.

பெட்டினாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களிடம் அவள் சாரி சொல்லிக்கொண்டே போனாள்.

நான் மெதுவாகக் கிடங்குப் பக்கம் நடந்தேன். ஷோனா கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"கம்பத்துல பட்டுச்சா?" என்றேன்.

"பட்டுச்சு. சத்தம் கேட்டுச்சு." கொடியைக் கக்கத்தில் இடுக்கினாள். "கறிக்கடைக்காரர் இனிமே எனக்கு எலும்புதான் போடுவாரு."

"நல்லா ஆடினா, இல்ல?"

"பெட்டினாவா? மேல வர்ற பந்துக்கு அவதான். எனக்கு அந்த இடம் இனி வேண்டாம்." சொல்லிவிட்டு மைதானத்தைக் கை காட்டினாள். "இத்தனை வருஷம் அங்க நின்னு இந்தப் பக்கம் பார்த்தேன். இன்னைக்குத்தான் இங்க நின்னு அந்தப் பக்கம் பார்க்கறேன். பந்தெல்லாம் அவ காலடியில விழுது. எடுக்க ஆள் இல்ல."

"நான் இருந்தேனே."

"நீ வந்துட்டிருந்த."

நான் சிரிக்கவில்லை.

"எனக்கு நின்னு உதைக்கத்தான் வரல," என்றாள். "நிக்கறேன், யோசிக்கறேன், போச்சு. ஓடிட்டே எடுத்து ஓடிட்டே உதைச்சா யோசிக்க நேரம் ஏது? அவ மேல மோதட்டும். நான் கீழ எடுக்கறேன்."

"அது என் இடம்."

"தெரியும்."

காற்றில் யாரோ சாசேஜ் வறுக்கும் வாசனை. கேன்டீன் பக்கம் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை டாரல்கிட்ட போய், உன்ன எடுத்துட்டு என்னைப் போடச் சொல்லப்போறேன்," என்றாள் ஷோனா. "எடுக்கணும்னு சொல்றது நான். அப்போ வழக்கப்படி உன்கிட்ட யாரு வந்து சொல்லணும்?"

"நீ."

"சொல்லிட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் என் முட்டிகள் இரண்டும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. எத்தனை மாதமாக வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை, இவளைத் தவிர.

"டாரல் ஒத்துக்கணுமே," என்றேன்.

"அவரு யாராவது முதல்ல சொல்வாங்களான்னு காத்துட்டிருப்பாரு."

அது உண்மைதான்.

"நாளைக்குப் பால் இருக்குமா?" என்றேன்.

"வந்து பாரு."

அவள் கோட்டைக் கழற்றினாள். உள்ளே பழைய ஆட்டச் சட்டை போட்டிருந்தாள். கோட்டை என் கையில் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நீளம். மற்றபடி சரியாக இருந்தது. கொடிகளையும் கொடுத்தாள்.

"ஆட்டம் நடக்கறப்ப வாயத் திறக்கக் கூடாது," என்றாள். "உனக்கு அது நல்லா வரும்."