சேஸிஸ் நம்பருக்கு மேல் அடித்த பச்சை

1

இந்தக் கதையை எழுத வைத்தது குற்ற உணர்ச்சி. கௌரவமான வேறு காரணம் ஏதாவது சொல்லலாமென்று பார்த்தேன், வாய் வரவில்லை.

ஜப்பானில், தொயாமா என்ற ஊரில் எங்கள் பட்டறை; பதினான்கு பேர். புதுச் சின்னக் கார்களை வாங்கி, முன்னும் பின்னும் கழற்றி, அறுபது வருடப் பழசுபோல் உருண்டையாக மாற்றுவோம். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான தாள்கள் என் பொறுப்பு.

2

தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், பச்சைக் கார்...

(சே! இங்கே எந்தக் காலையில்தான் மழை இல்லை?)

சரி, இப்படி: பச்சைக் காரை லாரி ஏற்றிப் போனபோது, அது தெருமுனை திரும்பும்வரை இங்கத்து வழக்கப்படி அத்தனை பேரும் வாசலில் குனிந்து வழியனுப்பி நின்றோம். ஹமதானி மட்டும் அதற்குப் பிறகும் நிமிரவில்லை. பெயின்ட் அடித்தவள் அவள்.

3

ஆறு வாரம் கழித்து மெல்போர்ன் துறைமுகத்து அதிகாரி போன் செய்தார். "சேஸிஸ் நம்பரைக் காணோமே! தடவினா வழவழன்னு இருக்கு. இன்னைக்குள்ள தெரியலேன்னா வண்டி திரும்ப ஜப்பானுக்குத்தான்."

அங்கே ஐரீன் என்ற அம்மாள் இந்தக் காருக்காக நான்கு வருடமாகக் காத்திருக்கிறார்.

[இந்தக் கதையின் முதல் வரைவில், 'ஹமதானி கவனிக்காமல் நம்பர்மேல் பெயின்ட் அடித்துவிட்டாள்' என்று எழுதினேன். பொய்.]

அன்று பெயின்ட் அடிக்கும்போது அவள் கேட்டாள்: "இந்த நம்பர் மேடும் பள்ளமுமா அசிங்கமா இருக்கு. நாலு கோட் அடிச்சுச் சமமாக்கிடட்டுமா?"

"அடிங்க. அங்க போய் யாரு குனிஞ்சு பாக்கப்போறா?" என்றவன் நான்தான்.*

* வாயில் சோற்றுருண்டை இருந்தது. அதனால் தப்பு குறைந்துவிடாது.

4

போனைக் கையால் பொத்திக்கொண்டு ஹமதானியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாம சரின்னா அவரே சுரண்டிப் பாத்துக்குறாராம்."

"எதால?"

"உப்புத்தாளால."

"ஐயோ! அந்த ஆளுக்கு அதைப் பிடிக்கவாவது தெரியுமா?"

"தப்பு என்னுது, ஹமதானி-சான்."

"தெரியுது. எழுதுறப்ப அதையும் எழுதுங்க, எழுத்தாளரே. என்னை மறதிக்காரி ஆக்கிடாதீங்க."

5

முடிவு ஒன்று: கார் திரும்பி வருகிறது. அவள் குறையில்லாமல் மறுபடி பெயின்ட் அடிக்கிறாள். ஐரீன் அம்மாள் இன்னொரு வருடம்...

முடிவு இரண்டு: முன்பின் தெரியாத ஒருவர் அவளுடைய பச்சையைத் தேய்க்கிறார். நம்பர் தெரிகிறது. கார் அன்றே ஐரீன் வீட்டு வாசலில் நிற்கிறது, தழும்போடு.

எதையும் முடிக்க முடியவில்லை. ஹமதானி அதே பச்சையைச் சின்னப் புட்டியில் ஊற்றி, மூடி இறுக்கி, என் மேசையில் வைத்தாள். அதைத் தழும்பில் பூச ஐரீனுக்கு அனுப்பவா, கார் திரும்பி வரும்வரை இங்கேயே வைக்கவா என்று சொல்லவில்லை. போனில் அதிகாரி காத்திருக்கிறார்.

"அவரு சுரண்டட்டுமா? நீங்க சொன்னா சரி," என்கிறாள் ஹமதானி.

போன தடவை அவள் கேட்டபோது நான் பதில் சொன்ன லட்சணம் உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.