டிக்கியில் நனைந்த பட்டு

போன வருஷம் ஐப்பசி விசுத் திருவிழாவுக்குக் குற்றாலத்து அம்மனுக்குப் பலவேசம் கொண்டுபோன பட்டு, அம்பாசிடர் டிக்கியிலேயே நனைந்துவிட்டது. ஈரப் பட்டைச் சாத்த முடியாது என்று குருக்கள் ஒதுக்கிவைத்து, பங்காளி சுடலைக்கண்ணு கொண்டுவந்த பட்டைச் சாத்தினார். அப்பா காலத்திலிருந்து முதல் பட்டு பலவேசம் வீட்டுப் பட்டுதான். அன்று அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கீழப்பாவூர் திரும்பினார்.

மழை பெய்தது வாஸ்தவம். ஆனால் மூடிய டிக்கிக்குள் மழை எப்படிப் போகும்? தென்காசியில் காபி குடிக்க நிறுத்தியபோது, தேங்காய் வைக்க வேண்டும் என்று சாவியை வாங்கியவன் சுடலைக்கண்ணு. ஒரு செம்புத் தண்ணீர் போதுமே. அன்றிலிருந்து சாவி பலவேசத்தின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது.

இந்த வருஷ விசு நெருங்கியதும் மருமகள் சங்கரேஸ்வரி மெல்லச் சொன்னாள்.

“மாமா, பின் லைட்டைச் சுத்தித் தண்ணி இறங்குதோ என்னவோ. ஒர்க்‌ஷாப்புல விட்டுப் பாக்கலாம்லா?”

“விட்டா, ஒரிஜினல் கண்ணாடியக் கழத்திட்டு டூப்ளிகேட்ட மாட்டி அனுப்பிருவானுவ. நானே பாக்கேன்.”

ஒழுகும் இடம் உள்ளேயிருந்து பார்த்தால்தான் தெரியும். சாவியை இரண்டு முறை யோசித்து மருமகளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, டார்ச்சோடு டிக்கிக்குள் ஏறி முடங்கினார். ஸ்டெப்னி விலாவில் குத்தியது. சங்கரேஸ்வரி மூடியைச் சாத்திவிட்டு, ஹோஸைப் பிடித்தாள்.

இடது லைட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டது. வண்டித் தகட்டுக்கும் லைட்டுக்கும் நடுவில் இருந்த ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. தண்ணீர் துருவையும் கரைத்துக்கொண்டு, போன வருஷம் பட்டு இருந்த மூலைக்கே ஓடியது. பலவேசத்துக்கு முகம் சுண்டியது.

அப்போது வெளியே சுடலைக்கண்ணுவின் குரல்.

“என்ன மருமவளே, வண்டிக்குக் குளியலா? அண்ணாச்சி எங்க?”

“வாய்க்கா வரைக்கும் போயிருக்காவ.”

“நல்லதாப் போச்சு. அவுக இருந்தா வாங்க மாட்டாவ. செங்கோட்டையில பழைய வண்டிச் சாமான் விக்குத ஆளுகிட்ட பின் லைட்டு ரப்பரு கெடச்சுது. போன தடவ பட்டுல துருக்கறை பாத்தேன். செம்புல ஊத்துன தண்ணியில துரு எப்படி வரும்? நான் ஊத்துனேன்னுல்லா சொல்லிட்டுத் திரியுதாவ.”

டிக்கிக்குள்ளிருந்து ஒரு தும்மல் வெடித்தது.

சுடலைக்கண்ணு டிக்கிப் பக்கம் திரும்பினான். “வாய்க்கா இப்ப இங்கனதான் ஓடுதா?”

சங்கரேஸ்வரி மூடியைத் திறந்தாள். பலவேசம் விறைப்பாக இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டார். ரப்பரை வாங்கி வளைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். புதுசுதான். ஆனால் கேட்காமலே கொண்டுவந்திருக்கிறானே. மழையில் இது கைவிட்டால், பட்டு மறுபடி நனைந்தால், லாபம் யாருக்கு?

லைட்டைக் கழற்றினார். துருவைச் சுரண்டித் துடைத்து, புது ரப்பரைப் பொருத்தி நட்டை முறுக்கினார். பிறகு டார்ச்சைப் பங்காளியிடம் நீட்டினார்.

“ஏறு.”

“நானா?”

“ஒன் ரப்பருதானலே. நீயே பாரு.”

சுடலைக்கண்ணு சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தான். பலவேசம் மருமகளிடம் சாவியை வாங்கி மூடியைப் பூட்டி, அதை அரைஞாணில் முடிந்துகொண்டு ஹோஸைத் திருப்பினார்.

“ஒழுகுதா?”

“பொட்டுத் தண்ணி இல்ல அண்ணாச்சி.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். தொறங்க, மூச்சு முட்டுது.”

“விசுவுக்கு மழை இதவிடப் பலமா வரும்லே,” என்று சொல்லிவிட்டு, பலவேசம் தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.