நாலு ஃபிரேம்

சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. காலை பத்து மணியிலிருந்து அதே கூத்துதான். எட்டு டிராக் டிஜிட்டல் டேப் மெஷினின் நெற்றியில் பொட்டளவு விளக்கு. அது அசையாமல் எரிந்தால், ‘படத்தைப் பிடித்துவிட்டேன்’ என்று அர்த்தம். கண்ணடித்தால், ‘இன்னும் தேடுகிறேன்’ என்று அர்த்தம்.

“தேடு, தேடு,” என்றாள் டேப்பக்கா. “காணாமப் போன புருஷனைத் தேடுற மாதிரி நிதானமாத் தேடு. கிடைச்சா சொல்லியனுப்பு.”

இருபது வருஷமாக டேப்போடு மல்லுக்கட்டுகிறவள். அதனால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா.

விஷயம் இதுதான். படம் ஒரு மெஷினில் ஓடும், குரல் இன்னொரு மெஷினில் ஓடும். இரண்டும் கைகோத்து ஓடினால்தான் வாயும் வார்த்தையும் பொருந்தும். படத்தின் டேப்பில் ஒரு கடிகாரம் ஓயாமல் எண்ணிக்கொண்டே போகும்: மணி, நிமிடம், நொடி, நொடிக்கும் கீழே ஃபிரேம். ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். அந்த எண்ணிக்கையைத்தான் டைம்கோட் என்கிறார்கள். அது ஒரு கேபிள் வழியாகக் குரல் மெஷினுக்கு வரும். குரல் மெஷின் அதைக் கேட்டு, ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டு, கூடவே ஓட வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. சொல்லும்போது சுலபம். கல்யாணம்கூடச் சொல்லும்போது சுலபம்தான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் படத்தை ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி. தலைமுடி உதிர்ந்து ஐந்து வருஷமாகிறது. வாய்த்துடுக்கு மட்டும் ஒரு மயிரிழைகூட உதிரவில்லை.

“அக்கா, நாலு மணிக்கு அந்தம்மா வந்துடுவாங்க,” என்றது ஸ்பீக்கரில் அவன் குரல்.

“எனக்கு மணி பார்க்கத் தெரியும்டா.”

“உனக்குத் தெரியும். உன் மெஷினுக்குத் தெரியலையே!”

அந்தம்மா என்றால் தயாரிப்பாளர் அம்மா. வேற்றுமொழித் தொடர் ஒன்றை வாங்கி நம் மொழியில் பேசவைக்கிறவர். கதாநாயகன் ஒரு கப்பல் கேப்டன். அந்தக் கேப்டனுக்கு ஆறு வருஷமாகக் குரல் கொடுப்பவர் வேறு யாருமில்லை, டேப்பக்காவின் வீட்டுக்காரர்தான். கடைக்குப் போனால் கடைக்காரர் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். அவரும் கம்பீரமாகத் தலையசைத்துவிட்டுக் கால் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வருவார்.

கடைசியாக அனுப்பிய இரண்டு ரீலும் திரும்பி வந்துவிட்டன. கேப்டன் வாயை அசைத்து, பிறகு பேசுகிறார் என்று புகார். நேற்று தயாரிப்பாளர் அம்மா போனில் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “தப்பு மெஷின் மேலயா, ஆள் மேலயா? மெஷின்னா சரி பண்ணுங்க. ஆள்னா ஆளை மாத்திடறேன். நாளைக்கு நாலு மணிக்கு நேர்லயே வந்து பார்க்கறேன்.”

“மெஷின்தாம்மா, சத்தியமா மெஷின்தான்,” என்று சொல்லி வைத்திருந்தாள் டேப்பக்கா. சொன்ன வாய்க்கு இப்போது அந்த மெஷின் ஒத்துழைக்க வேண்டுமே!

பத்தரை மணிக்கு டைம்கோட் கேபிளைப் பிடுங்கிப் புதியதை மாட்டினாள். விளக்கு கண்ணடித்தது. தம்பியிடம், டைம்கோட் வருகிற சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். விளக்கு ஒரு நொடி நின்று எரிந்தது. அவள் மூச்சை விட்டாள். உடனே மறுபடி கண்ணடித்தது. ஃபிரேம் எண்ணிக்கை இருபத்தைந்துதானா என்று பார்த்தாள். இருபத்தைந்துதான். டேப்பை வெளியே எடுத்து, தட்டி, ஊதி, திரும்பப் போட்டாள். கடைசியில் பன்னிரண்டு மணி வாக்கில்தான் கண்ணில் பட்டது: மெஷின் படத்தின் ஓட்டத்தைப் பின்பற்றாமல், தன் வயிற்றுக்குள் இருக்கும் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஒரு வழி போனால் இது ஒரு வழி. பட்டனை ‘வெளி’ப் பக்கம் தள்ளினாள்.

விளக்கு நின்றது. அசையாமல் எரிந்தது.

“பிடிச்சுடுச்சு!” என்று கத்தினாள். “ஓட்டு, ஓட்டு!”

திரையில் கேப்டன் ரேடியோவை எடுத்து வாயருகே வைத்தார். உதடு பிரிந்தது. பிறகு, ஒரு சிமிட்டல் கழித்து, குரல் வந்தது.

டேப்பக்கா நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டாள். உதடு பிரிந்தது, பிறகு குரல். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணிப் பார்த்தாள். நாலு ஃபிரேம். அடுத்த வசனத்துக்கும் நாலு. அதற்கடுத்ததற்கும் நாலு. விளக்கோ அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பதுபோல.

“பொய் சொல்லாத,” என்றாள் மெஷினைப் பார்த்து. “பிடிச்சேன்னு சொல்லிட்டு நாலடி பின்னால நடந்து வர்ற. நீயெல்லாம் ஒரு மெஷினா?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றது ஸ்பீக்கர்.

“வாயை மூடிக்கிட்டுப் படத்தை ஓட்டுடா சொட்டை!”

அப்போது வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையில் சாப்பாட்டு டப்பா. “என்ன, சரியாச்சா?”

“ஆகலைங்க.”

“ம்?”

“ஆகலைன்னேன்!”

“அன்னைக்கே சொன்னேன், இந்தச் சனியனைத் தலைமுழுகுன்னு,” என்றார் கேப்டன் குரலில். டப்பாவை மேசையில் வைத்தார். “சாப்பிடு முதல்ல.”

அவள் சாப்பிடவில்லை. ஒன்றரை மணிவரை மறுபடியும் ஒரு போராட்டம். மெஷினை அணைத்துப் போட்டாள். வேறு கேபிள், வேறு சாக்கெட். படமும் குரலும் எவ்வளவு தள்ளி ஓட வேண்டும் என்று சொல்லும் எண்ணை யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்த்தாள். சுத்தமான பூஜ்யம். ஒவ்வொரு முறையும் அதே நாலு ஃபிரேம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். கண்ணில் நீர் முட்டியது. அழுதால் தம்பி கண்ணாடி வழியே பார்ப்பான். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சரி, காரணம் கிடைக்காவிட்டால் போகட்டும், காரியம் நடந்தால் போதும். பூஜ்யம் இருந்த இடத்தில் நாலு என்று போட்டாள். குரல் மெஷினே, நீ படத்துக்கு நாலு ஃபிரேம் முன்னால் ஓடு.

போட்டதும் கேப்டனின் உதடு பிரிந்தது, அதே நொடியில் குரல் வந்தது! “உங்களுக்கு எத்தனை நாள் தண்ணீர் மிச்சம் இருக்கிறது?” பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்திக்கொண்டது. மூன்று நிமிடம் கேப்டன் தனியாகவே பேசினார். மூன்று நிமிடமும் தேன். டேப்பக்கா டப்பாவைத் திறந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கேப்டனின் மனைவி அறைக்குள் வந்தாள். அவளுக்கு வேறொரு பெண் குரல் கொடுத்திருந்தாள், டேப்பில் குரலுக்கொரு தடமாக ஓடும் எட்டு டிராக்கில் மூன்றாவதில். அந்த மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே பேசிவிட்டாள்.

டேப்பக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

காலையிலிருந்து டேப்பக்கா இந்த இடம்வரை வரவேயில்லை. கேப்டன் இரண்டு மூன்று வசனம் பேசியதுமே நிறுத்திவிட்டுத் திட்டத் தொடங்கிவிடுவாள். இப்போது நாலைப் பழையபடி பூஜ்யமாக்கினாள். மனைவி சரியாகப் பேசினாள். கதவு சரியாகச் சாத்திக்கொண்டது. ரீலின் கடைசிக்குப் போனாள். அங்கே திரையில் ஒரே ஒரு ஃபிரேம் வெள்ளைக் கோடு வரும். அதே கணத்தில் டேப்பில் ‘பிப்’ என்று ஒரு சத்தம் பதிந்திருக்கும், இரண்டும் சேர்கிறதா என்று பார்ப்பதற்காகவே. கோடும் பிப்பும் ஒன்றாக வந்தன. பத்து முறை பார்த்தாள். பத்து முறையும் ஒன்றாக.

கூடம் கோணலில்லை.

எழுந்து, குரல் பதியும் சிறிய கண்ணாடி அறைக்குப் போனாள். மைக் பக்கத்தில் ஹெட்போன் தொங்கியது. அதன் ஒலிக்குமிழ் கடைசிவரை திருகிவிடப்பட்டிருந்தது. ஹெட்போனை ஒரு காதில் வைத்து, தம்பியை ஓட்டச் சொன்னாள். வசனத்துக்கு முன்னால் மூன்று பிப் வரும். நாலாவது பிப் வர வேண்டிய இடத்தில் பேசத் தொடங்க வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். முதல் பிப் ஊசியாகக் காதில் குத்த, ஹெட்போனைத் தூக்கி எறிந்தாள்.

இவ்வளவு சத்தத்திலும் அவருக்கு அது கேட்கவில்லை. பிப்பை விட்டுவிட்டு, உதடு பிரிவதைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். கண் பார்த்து வாய் திறக்க ஆகிற நேரம், நாலு ஃபிரேம்.

“அக்கா?” என்றான் தம்பி. “என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. மணி என்ன?”

“ரெண்டரை.”

ஆள்னா ஆளை மாத்திடறேன். டேப்பக்கா மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்த மெஷினில் எந்த டிராக்கையும் தனியாகப் பின்னுக்குத் தள்ளலாம், முன்னால் இழுக்க முடியாது. தள்ளுவதற்கும் எல்லை உண்டு: நூற்றெழுபது மில்லி நொடி. நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் நூற்றெழுபது துண்டு. நாலு ஃபிரேம் என்பது நூற்றறுபது. மயிரிழையில் இடமிருந்தது.

மறுபடி நாலு என்று போட்டாள். மெஷின் முழுக்க முன்னால் ஓடட்டும். பிறகு வீட்டுக்காரரின் டிராக்கை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஏழையும் ஒவ்வொன்றாக நூற்றறுபது பின்னுக்குத் தள்ளினாள். மனைவி, மாலுமிகள், கதவு, கடல், காற்று, எல்லாம். தாமதமாக எழுந்திருக்கிற ஒருவருக்காக வீட்டுக் கடிகாரம் அத்தனையையும் திருப்பி வைக்கிற வேலை. பட்டன்கள் மிகச் சின்னவை. ஐந்தாவது டிராக்கில் கை தவறி எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்போது அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வேண்டாம்.

தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஏன்க்கா மாமா டிராக்கை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம்...” என்று தொடங்கியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். படத்தை முதலுக்கு ஓட்டி வைத்தான்.

நாலு மணிக்குத் தயாரிப்பாளர் அம்மா வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரீல் முழுவதையும் பார்த்தார். எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. “அப்போ மெஷின்தான்,” என்றார்.

“சரி பண்ணிட்டேம்மா.”

“நல்லது. கடைசி வசனம் மட்டும் மாத்தணும். மூலக்கதையிலேயே தப்பாம். புதுசா எழுதிட்டு வந்திருக்கேன். சார் இருக்காரே, இப்பவே பேசிடட்டும், நானும் பார்த்துட்டுப் போறேன்.”

புதிதாகப் பேசுவதை எந்த டிராக்கைத் தள்ளியும் ஒளிக்க முடியாது. வீட்டுக்காரர் தாளை வாங்கிக்கொண்டு, இவள் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார். குமிழைத் திருகினார். அது ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தது.

மெஷினுக்கு ஒரு ரிமோட் உண்டு, நீளமான வயரோடு. டேப்பக்கா அதையும் இன்னொரு ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க எதுக்கும்மா உள்ள?” என்றார் தயாரிப்பாளர் அம்மா.

“மைக் கொஞ்சம் ஆடுதும்மா. பிடிச்சுக்கறேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டுக்காரர் கண்ணை உருட்டினார், வெளியே போ என்று. அவள் போகவில்லை. அவர் முதுகுப்பக்கம் நின்றாள். கண்ணாடி வழியாகப் பார்ப்பவர்களுக்கு அவருடைய இடது தோள் தெரியாது.

ரிமோட்டில் பதிவுப் பட்டனை அழுத்தினாள். படம் ஓடியது. அவள் காதில் முதல் பிப். விரலால் அவர் தோளில் ஒரு தட்டு. அவர் உடம்பு விறைத்தது. இரண்டாவது பிப், இரண்டாவது தட்டு. மூன்றாவது. நாலாவது இடம் வந்தபோது கேப்டனின் உதடும் அவர் உதடும் ஒன்றாகப் பிரிந்தன.

“நங்கூரத்தை எடுங்கள். இனி காத்திருக்க முடியாது.”

வெளியே தயாரிப்பாளர் அம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

தயாரிப்பாளர் அம்மா படியிறங்கிப் போன சத்தம் அடங்கியது. பிறகு வீட்டுக்காரர், தாளை நாலாக மடித்துக்கொண்டே, “எப்பத் தெரிஞ்சுது?” என்றார்.

அவள் முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்றாள். “ரெண்டரைக்கு. உங்களுக்கு?”

“மூணு மாசமா.”

“மூணு மாசம்! மூணு மாசமா நான் அந்த மெஷினைத் திட்டாத திட்டில்ல. இன்னைக்கு ஆறு கேபிள் மாத்தினேன். நீங்க வந்து நின்னு, சனியனைத் தலைமுழுகுங்கறீங்க!”

“சொன்னா வேலை போயிடும்னு...”

“யார்கிட்ட சொன்னா? என்கிட்டயா?”

அவர் பதில் சொல்லவில்லை. கேட்காததால் அல்ல. அது அவளுக்கும் தெரிந்தது.

“நாளைக்குக் காலையில காது டாக்டர்.”

“நாளைக்கு அடுத்த ரீல் பேசணுமே.”

“டாக்டர்கிட்ட போயிட்டு வந்து பேசலாம். நான் பின்னால நிக்கறேன். எத்தனை ரீலுக்கு நிப்பேன்னு மட்டும் கேட்காதீங்க. எனக்கே தெரியாது.”

அவளுக்குக் கால் வலித்தது. டப்பாவில் சோறு காய்ந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் தம்பி, வேலை முடிந்தது என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே இந்த அறைக்குள் வந்தான். டேப் மெஷினின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். அணைத்தால், ஏழு டிராக்கிலும் அவள் போட்டு வைத்த எண்கள் அத்தனையும் போய்விடும். ரீலை இன்னும் நகலெடுக்கவில்லை.

“அணைக்காதடா!” என்று அலறினாள் டேப்பக்கா.

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது.

வீட்டுக்காரர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு, ஒரு சிமிட்டல் கழித்து, கேப்டன் குரலில் அவரும் கத்தினார்:

“அணைக்காதடா!”