தோசைமாவுக்கு இடம் விட்ட பிறைமர்

ஹனோவருக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் நாகமுத்து பழைய கதவுகளுக்குப் பெயின்ற் அடித்துக் கொடுக்கிறார். முதலில் பூசுகிற பிறைமர் தண்ணீரில் கலந்தது. ஒருமுறை உறைந்தால் கட்டிபட்டுவிடும், பிறகு எறியத்தான் வேண்டும். பட்டறையில் இரவில் சூடு இல்லை. அதனால் மாரிக் குளிரில் பிறைமர் வாளிகள் பழுதான பிறிட்ஜ் ஒன்றுக்குள், ஒரு சின்ன ஹீற்றரோடு இருக்கும். பின்னேரம் அவற்றை உள்ளே வைப்பது சுதீரின் வேலை. நாற்பது வயதுக்காரர், நெடுநாள் வேலையில்லாமல் இருந்து வந்தவர். நாகமுத்து அவரை இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

நாகமுத்துவின் தமக்கை, அவர் மனைவி ஸ்வர்ணாவுக்கு மச்சாள், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து நின்றார். போனமுறை ஸ்வர்ணா சுட்ட தோசையைப் பிய்த்துப் பார்த்து, ஜேர்மன்காரர் இதைக் கூரைக்கு ஓடாகப் போடலாம் என்று சொல்லிச் சிரித்தவர். இந்தமுறையும் குசினிக் குளிரில் மா பொங்குகிற மாதிரித் தெரியவில்லை. சுதீர் வீட்டுக்குப் போனபின் ஸ்வர்ணா வாளிகளை வெளியே எடுத்துவிட்டு, மாச்சட்டியை பிறிட்ஜுக்குள் வைத்தாள். ஒரு இரவுதானே என்று நினைத்தாள். விடிய, ஒருவரும் எழும்பமுன், சட்டியை எடுத்துக்கொண்டு வாளிகளைத் திருப்பி உள்ளே வைத்தாள்.

தோசை பூப்போல வந்தது. மச்சாள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கோப்பியைக் கொண்டு பட்டறைக்குப் போனவள், நாகமுத்துவின் குரல் கேட்டு வாசலிலேயே நின்றாள். திறந்த வாளிக்குள் பிறைமர் திரைந்த பால்போலக் கிடந்தது. இரவு வெளியே விட்டுவிட்டுக் காலையில் உள்ளே வைத்து ஏமாற்றப் பார்த்தீரா என்று அவர் சுதீரைக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

சுதீர் பிறிட்ஜின் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வழிந்து காய்ந்த மா. புளிச்ச மணம் வாசல்வரை வந்தது.

"ஓம் அண்ணை, மறந்திட்டன்" என்றார்.

ஸ்வர்ணா அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்.

"அவர் விடேல்லையப்பா. நான்தான் வெளியில எடுத்து வைச்சனான். தோசைமா வைக்க."

நாகமுத்து வாளி மூடியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"சரி, எடுத்தனீ. பிறகு ஏன் திருப்பி உள்ளுக்கை வைச்சனீ?"

அவள் கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்தாள். அவர் சுதீரின் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை வாரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, புது வாளி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, வந்து ரெண்டு தோசை சாப்பிடுங்கோ."

"வேண்டாம் அக்கா. சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளை வெட்கப்படுத்தாமலிருக்கத்தான் பார்க்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது.

குசினி யன்னல் திறந்தது.

"ஸ்வர்ணா, மா இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு மச்சாள்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மச்சாள் மறுபடியும் கேட்டார்.