இருட்டில் எரிந்த அடுப்பு

தாலுகா ஆபீஸில் வாடகை வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, தர்மநாதன் திண்டிவனத்திலிருந்து வக்கீலைக் கூட்டிவந்திருந்தார். சந்தனா தனியாக வந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். படித்த திமிரில்தான் ஜைனக் கோயில் தர்மகர்த்தாவான அவர் மேலேயே கேஸ் போட்டிருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அவள் வயிற்றில் எரிந்தது வஞ்சம். அதற்குத் திமிர் என்று பேர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளும் அம்மா மருதேவியும் பல வருஷம் குடியிருந்தது தர்மநாதனின் வீட்டில். வேர்க்கடலை வியாபாரி ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். ஆனால் காலியாக வேண்டும் என்றார். வாடகை ஒழுங்காகக் கொடுப்பவரைச் சட்டம் லேசில் கிளப்ப விடாது. அதனால் தர்மநாதன் முதலில் கிணற்று ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போனார். குளத்திலிருந்து தண்ணீர் சுமந்த மருதேவி படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதன்பிறகு, 'நாங்களே குடியிருக்கப்போகிறோம்' என்று மனுப் போட்டு, காலி செய்ய உத்தரவும் வாங்கிவிட்டார்.

அம்மாவைக் கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றி, சிங்கவரத்தில் தாய்மாமன் வீட்டில் இறக்கிவிட்டு வந்த சந்தனா, சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தாள். சொந்தக் குடியிருப்புக்கென்று காலி செய்ய வைத்தவர் அங்கே குடியேறாவிட்டால், பழைய குடித்தனக்காரர் திரும்பி வரலாம். வீடு பூட்டியே கிடந்தது. அவள் மனுக் கொடுத்த பிறகுதான் ராத்திரியில் அங்கே விளக்கு எரிய ஆரம்பித்தது.

"நானும் வீட்டுக்காரியும் அங்கதான் இருக்கோம்" என்றார் தர்மநாதன் தாசில்தாரிடம். சாட்சிக்கு எதிர்த்த வெற்றிலைக்கடை தாண்டவராயன். பின்பெஞ்சில் தர்மநாதனுக்குத் துணையாக விருஷபதாஸும் இன்னும் சில ஜைனப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தனா எழுந்தாள். "அண்ணே, பகல்ல பூட்டுதானே தொங்குது?"

"பகல்ல மண்டிக்குப் போயிடறாங்க பாப்பா. ராத்திரி வந்துடறாங்க."

"வந்து இன்னா பண்றாங்க?"

"இன்னா பண்ணுவாங்க, எல்லா வீட்லயும் பண்றதுதான். ஆக்கறாங்க, சாப்புடறாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"கடையக் கட்டற நேரம் அடுப்பு புகையுது. வெங்காயம் வதக்கற வாசனை என் கடைக்கே வருது. ஒரு நாள் ஐயா ஏப்பம் விட்டுக்கினே வந்து வெத்தல வாங்கினாரு."

தாசில்தார் சிரித்தார். பின்பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. இதைச் சந்தனா எதிர்பார்த்து வரவில்லை.

"யோசிச்சு சொல்லுங்கண்ணே. ராஜகிரி மலைக்குப் பின்னால பொழுது எறங்கறதுக்கு முன்னாலயா இருக்குமோ?"

"நல்லா இருட்டினப்புறம். சத்தியமா."

அவள் தாசில்தார் பக்கம் திரும்பினாள். "சார் வெளியூரு. எங்க ஜனத்துல பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். வெங்காயமும் ஆகாது. போன மாசம் ஒரு பையன் ராத்திரி ஓட்டல்ல தோசை சாப்ட்டான்னு, இந்தத் தர்மகர்த்தாதான் அவனைக் கோயில்ல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்க வெச்சாரு." தர்மநாதனைப் பார்த்தாள். "மாமா, ராத்திரி வெங்காயம் வதக்கிச் சாப்ட்டீங்களா, இல்ல அண்ணன் பொய் சொல்றாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வக்கீல் எழுந்தார். தாசில்தார் கையமர்த்தினார். தர்மநாதன் பின்பெஞ்சைப் பார்த்தார். விருஷபதாஸ் தலை நிமிராமல் மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் பொய் சொல்றான்" என்றார் தர்மநாதன்.

"நானா?" தாண்டவராயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்கதானே ஐயா, வெளக்கேத்தி வெக்கறேன், குடியிருக்கறதா சொல்லுன்னீங்க?"

வீடு சந்தனாவுக்குத் திரும்பியது. ஆபீஸ் வாசலில் வியாபாரி தர்மநாதனை மறித்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அவரை ஒருவழியாகச் சமாளித்துவிட்டுத் தர்மநாதன் அவளிடம் வந்தார்.

"சந்தனா, உங்கம்மா சிங்கவரத்துலயே இருந்துக்கறேன்றாளாம். உனக்கும் விழுப்புரம் பள்ளிக்கூடத்துல பெரிய வேலை வந்திருக்குதாம். இந்த வீடு உனக்கு எதுக்கு?"

அவர் சொன்ன இரண்டும் உண்மை. அவளுக்கு அந்த வீடு தேவைப்படவில்லை.

"மொதல்ல ராட்டினத்தை மாட்டுங்க மாமா."

விழுப்புரத்து வேலை வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிப் போட்டாள். அவள் குடியிருக்கிற வரைக்கும் அந்த வீட்டை எந்த வியாபாரியும் தொடமாட்டான். சாயங்காலம், மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்கு முன், வாசல் கதவை அகலத் திறந்துவைத்துச் சாப்பிட உட்காருவாள். தர்மநாதன் கோயிலுக்குப் போகிற நேரம் அது. கோயிலுக்கு வேறு வழி கிடையாது.