களிம்பு ஏறிய கூரை

முப்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் எங்கள் மாதா கெபியின், அந்தச் சின்னக் கோயிலின், செம்புத் தகட்டுக் கூரை ஒழுகியது. தண்ணீர் நேராகச் சிலையின் முடியில் சொட்டியது. ராயபுரத்துப் படகுக்காரர்கள் கூடித் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்: வண்ணாரப்பேட்டை ரஷீது பாய் கலப்படச் செம்பைத் தலையில் கட்டிவிட்டார்.

"நல்ல செம்புன்னா இப்டி களிம்பு பூக்குமா? இனிமே எந்தப் படகுக்கும் உங்கிட்ட ஒரு ஆணி வாங்கமாட்டோம் பாய்," என்றார் கோயில் தலைவர் சவரியப்பன்.

படகுக்குச் செம்பாணியும் தகடும் விற்றுத்தான் பாய் குடும்பம் சாப்பிடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செம்புன்னாதான் பச்சையாவும்! அடுப்படிச் சட்டத்தக் கூரைக்கு வைக்காதீங்க. பாத்திரத்துல களிம்பு வெஷம். கூரைய யாரு நக்கப் போறா?"

"பி.ஏ. படிச்ச பொண்ணு பேசுது," என்று யாரோ ஒருவன் சிரித்தான்.

அந்த பி.ஏ.வில் நான் படித்தது ரசாயனம். இரும்பில் துரு பொருக்காக உதிரும். உதிர உதிர உள்ளே அரிக்கும். செம்பு அப்படி ஏமாளி அல்ல. முதலில் காற்றுப் பட்டுக் கறுக்கும். பிறகு வருஷக்கணக்கில் மழை ஈரம், காற்றின் கரியமிலவாயு, கடல் உப்பு, துறைமுக எஞ்சின் கக்கும் புகையிலுள்ள கந்தகம் என்று தன்னை அரிக்க வந்ததையெல்லாம் பிடித்து, தன் மேல்தோலோடு சேர்த்துப் பச்சைப் போர்வையாக்கிக்கொள்ளும். அதைத் தாண்டி அடுத்த அரிப்பு சுலபத்தில் உள்ளே போகாது. எதிரியை வைத்தே மதில் கட்டும் உலோகம்! படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அப்ப ஓட்ட எங்கேந்து வந்திச்சு? ஆகாசத்துலேந்தா?" என்றார் சவரியப்பன்.

ஏணி வைத்து ஏறினேன். பின்பக்கம் முழுக்கப் பச்சை. ஒரு பொத்தல் இல்லை. ஓட்டைகள் எல்லாம் முன்பக்கத்தில், கைக்கெட்டும் இடத்தில், செக்கச்செவேலென்று மின்னிய தகட்டில். தாளாகத் தேய்ந்திருந்தது.

அந்த இடத்தைச் சனிக்கிழமை தவறாமல் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பவள் என் அம்மா சிலுவையம்மாள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டது. செம்பு தோல் வளர்க்க வளர்க்கப் புளி அதைக் கரைத்தது, செங்கல் உடம்பைச் சுரண்டியது.

சொன்னால் ஊர் முன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் பாய் திருடன்.

"இன்னாடி, மேலயே நின்னுகினு கீறே?" அம்மா ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மின்னும் விளிம்பையும் அதற்கு மேலே பச்சையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாய வுட்டுடுங்க தலைவரே. நான் தேச்ச எடத்துலதான் பொத்தலு. தேய்க்காத எடம் கல்லு மாரி கீது. இது என் கை வேல."

அந்த இடத்தில் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. சவரியப்பன் தொண்டையைக் கனைத்து, முன்பக்கத்துக்குப் புதுத் தகடு கொண்டுவரச் சொன்னார், பாயின் முகத்தைப் பார்க்காமலே.

"கொண்டாறேன். ஆனா யக்கா, புளிய இனிமே மீன் கொழம்புல மட்டும் போடு," என்றார் பாய்.

"நீ எதுக்கும் கெட்டித் தகடாவே கொண்டா பாய்," என்றாள் அம்மா. "இந்தக் கைக்கு இன்னும் வலுவு கீது."